சித்தப்பா பார்க்கப் போன சிறுத்தை

போன வாரம் நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், பேரனோடு மிருகக்காட்சிசாலைக்குப் போன படங்களைப் போட்டிருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு சிறுத்தை படுத்திருக்கிறது. இந்தப் பக்கம் பேரன் நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறான். எல்லாரும் இதயம் போட்டீர்கள். நீ மட்டும் ஏன் ஒன்றும் போடவில்லை என்று ஒருத்தி தனியாகக் கேட்டிருந்தாள். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன் என்பதுதான் உண்மை. காரணம் கொஞ்சம் நீளம். அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஏரியூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு அந்தக் கோடை ஞாபகம் இருக்கும். நாம் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தோம். அந்த வருஷம் லீவில் யாரையும் ஒகேனக்கல்லுக்குக் கூட்டிப்போகவில்லை. மாங்காய் பொறுக்கப் போகக்கூடாது, பொழுது சாய்ந்தால் தெருவில் நிற்கக்கூடாது என்று ஒரே கெடுபிடி. எல்லாம் என் சித்தப்பாவுக்கு நேர்ந்ததால் வந்தது.

சித்தப்பா என் அப்பாவின் ஒரே தம்பி. தாத்தா சீக்கிரம் போய்விட்டதால் அப்பாதான் அவரைத் தூக்கி வளர்த்தார். கல்யாணமாகி, சித்தி மடியில் பல் முளைக்காத குழந்தை. எங்கள் ஆட்டுப் பட்டி ஊருக்கு வெளியே, மலையடிவாரத்தில் கொல்லையில் இருந்தது. சித்தப்பா அங்கேயே கயிற்றுக் கட்டிலில் காவல் படுப்பார். மாசிக் கடைசியில் ஒரு விடியற்காலை, ஆடுகள் கத்துகிற சத்தம் கேட்டு எழுந்து படலைத் திறந்திருக்கிறார். உள்ளே சிறுத்தை இருந்திருக்கிறது. வெளியே வர அதற்கு இருந்த ஒரே வழியில் இவர் நின்றிருக்கிறார்.

சங்கத்துக்குப் பால் ஊற்றப் போனவர்கள்தான் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தோளிலிருந்து மார்பு வரை சதை பிய்ந்து தொங்கியது. நான் பார்த்தேன். அம்மா என் முகத்தை முந்தானையில் மூடுவதற்குள் பார்த்துவிட்டேன். மாட்டு வண்டியில் ஏரியூருக்கும் அங்கிருந்து யாரோ ஒருவரின் வேனில் தர்மபுரிப் பெரிய ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனார்கள். திரும்பி வரும்போது புளி உலுக்கி முடித்திருந்தோம்.

உடம்பு தேறியது. ஆனால் வந்தவர் பழைய சித்தப்பா இல்லை. வெயில் இறங்க ஆரம்பித்ததும் வீட்டுக்குள் போய்விடுவார். அவரே போய்க் கதவுக்குத் தாழ் போடுவார். சாப்பிடும்போது நாய் குரைத்தால் கைக் களி தட்டில் விழும். வெளியே காலாறப் போகக்கூடச் சித்தி துணைக்குப் போக வேண்டியிருந்தது. தெருப் பையன்கள் அவர் போகும்போது உறுமிக் காட்டுவார்கள். சில பெரியவர்களும் காட்டினார்கள்.

ஊர் கூடி, கர்நாடக எல்லைப் பக்கத்திலிருந்து கூண்டு வைக்கிற ஆள் ஒருவரை அழைத்து வந்தது. அவர் பேச்சில் பாதி கன்னடம். கொல்லை மேட்டில் கூண்டை வைத்து உள்ளே ஆட்டுக்குட்டியைக் கட்டினார். சில நாள் கழித்து ஒரு காலையில் ஊரே மேட்டுக்கு ஓடியது. உள்ளே சிறுத்தை. நான் போவதற்குள் சாக்குப் போட்டு மூடிவிட்டார்கள். சாக்குக்குள்ளிருந்து வந்த மூச்சுச் சத்தத்தை மட்டும்தான் கேட்டேன். வனத்துறை ஜீப் ஒன்று வந்து ஏற்றிப் போனது. பஸ் மாறிப் போகிற தூரத்தில் ஒரு நகரம், அங்கே பூங்காவோடு சேர்ந்த ஒரு சின்ன மிருகக்காட்சிசாலை, அதில் விட்டிருக்கிறார்கள் என்று பிறகு சேதி வந்தது. நகரத்தின் பெயரைச் சொல்லவில்லை. அந்த ஊரில் பெண் எடுத்தவர்கள் குழுவில் இருக்கிறீர்கள், சண்டைக்கு வருவீர்கள்.

அன்று சித்தப்பா மேட்டுக்கு வரவில்லை. எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை.

அப்பாவுக்கு அதுதான் தாங்கவில்லை. ஒரு நாள் அம்மாவிடம் சொன்னார்.

"இவனக் கூட்டிக்கினு போயி அதக் காட்டிட்டு வரப் போறன். கம்பிக்கு உள்ள கெடக்கறத ஒரு தடவ கண்ணால பாத்துட்டான்னா எல்லாம் தெளிஞ்சிடும்."

"தெளியாம இன்னும் ஜாஸ்தியாயிட்டா என்னங்க பண்ணுவீங்க?"

"அதெல்லாம் ஆவாது. மனசுல நெனச்சிக்கினே கெடக்கறதுதான் பயம். நேர்ல பாத்தா ஒண்ணுமில்ல."

இப்போது அப்பாவின் அன்றைய வயதைத் தாண்டி எங்கேயோ வந்துவிட்டேன். அன்று கோபம் என்று நினைத்தது கோபமில்லை என்று இப்போது தெரிகிறது. தான் வளர்த்த தம்பி ஊர் சிரிக்கிற ஆளாகவே நின்றுவிடுவானோ என்று அவர் பயந்திருக்கிறார். அதைச் சொல்ல அவருக்குத் தெரிந்த ஒரே குரல் அதட்டல்தான்.

அப்பா, சித்தப்பா, கைக்குழந்தையோடு சித்தி, நான். என்னை ஏன் கூட்டிப்போனார்கள் என்றால், குழந்தையைத் தூக்கிக்கொள்ள. எனக்குத் தலைகால் புரியவில்லை. முந்தின நாளே ரப்பர் செருப்பைக் கழுவி வைத்துவிட்டேன். சித்தி பித்தளை அடுக்கில் புளிசாதம் கட்டினாள். அது அவள் தாய்வீட்டுச் சீர். மூடியில் அவள் பெயர் வெட்டியிருக்கும்.

பஸ்ஸில் சித்தப்பா ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். வழி முழுக்கச் சட்டைக்குள் கையை விட்டுத் தோள் தழும்பைத் தடவிக்கொண்டே வந்தார். பென்னாகரம் தாண்டியதும் திடீரென்று எழுந்து, "நான் எறங்கிக்கறன்னா" என்றார். அப்பா அவர் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தார். பிடித்த கையை அப்புறம் எடுக்கவே இல்லை.

மிருகக்காட்சிசாலை என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். ஒரு வேப்பந்தோப்பு, நடுவே சுற்றிவரச் செம்மண் பாதை, பாதை ஓரம் கூண்டுகள். நுழைந்ததும் பினாயிலும் ஈரச் சாக்கும் பழைய கறியும் கலந்த வாடை. தோகை உதிர்ந்த மயில், வெயிலில் வாயைப் பிளந்தபடி அசையாமல் கிடந்த முதலை, கண்ணாடிப் பெட்டிக்குள் மலைப்பாம்பு. கரடி ஒன்று சுவரோரமாக நான்கு எட்டு போய், தலையை ஒரே மாதிரி ஆட்டி, திரும்பி நான்கு எட்டு வந்துகொண்டிருந்தது. கரடி ஆடுகிறது என்று கைதட்டினேன். பக்கத்தில் நின்ற எல்லாரும் கைதட்டினார்கள். சித்தப்பா மட்டும் என் கையைப் பிடித்து, "வேணாம் பாப்பா" என்றார். அது ஆடவில்லை என்பது இந்த வயதில்தான் எனக்குப் புரிகிறது.

குரங்குக் கூண்டின் முன்னால் சித்தப்பா நின்றுவிட்டார். கடலையை ஒவ்வொன்றாக உரித்து, ஒவ்வொன்றாகப் போட்டார். பொட்டலம் தீர்ந்த பிறகும் வெறும் தோலைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"போதும் வா" என்றார் அப்பா.

"கொஞ்ச நேரம் கழிச்சிப் போலாண்ணா."

"மாமா, அவரக் கட்டாயப்படுத்தாதீங்க. மூஞ்சியப் பாருங்க, வெளுத்துப் போச்சு" என்றாள் சித்தி.

"இவ்ளோ தூரம் வந்துட்டு வாசல்லயே நின்னுட்டுப் போவறதா?" அப்பா மறுபடி முழங்கையைப் பிடித்தார்.

சிறுத்தைக் கூண்டு கடைசியில், தோப்பின் மூலையில். கூட்டம் அங்கேதான் அதிகம். கம்பியிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு சங்கிலி கட்டி, அதைத் தாண்டக்கூடாது என்று எழுதியிருந்தது. உள்ளே அது சுவரைப் பார்த்து, முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. ஒருத்தன் கல்லை எடுத்துத் தரையில் தட்டினான். ஒருத்தன் விசிலடித்தான். அது அசையவில்லை. வயிறு மட்டும் ஏறி இறங்கியது. என் இடுப்பில் இருந்த குழந்தை கத்த ஆரம்பித்தது. நான் சித்தியின் பின்னால் ஒதுங்கினேன்.

காவலாள் ஒருவர் வந்து தகர வாளியைக் கம்பியில் இடித்தார். அது எழுந்தது. ஒரே அசைவில் எழுந்து, திரும்பி எங்களைப் பார்த்தது. விசில் நின்றுவிட்டது. கூட்டம் மொத்தமும் ஒரு எட்டு பின்னால் வந்தது.

சித்தப்பா முன்னால் போனார்.

அப்பாவின் கையை உதறிவிட்டுச் சங்கிலியைத் தாண்டிப் போய்க் கம்பியின் பக்கத்தில் நின்றார். "யோவ்! யோவ், எங்கய்யா போற?" என்று காவலாள் கத்தினார். சித்தி "ஐயோ" என்று அலறினாள். சிறுத்தை காதுகளை மடக்கிப் பல்லைக் காட்டியது. அதன் மூச்சு பட்டுச் சித்தப்பாவின் முன்தலை முடி அசைந்ததை நான் பார்த்தேன் என்று இன்றும் சத்தியம் செய்வேன். அவர் பயந்தவராக இல்லை. எதையோ தேடுகிறவர்போலத் தலையைச் சாய்த்துச் சாய்த்து அதன் முகத்தைப் பார்த்தார். காவலாள் வந்து சட்டையைப் பிடித்து இழுத்த பிறகுதான் திரும்பினார்.

"அண்ணா, இது அது இல்ல."

"என்னாது?"

"என்னப் புடிச்சது இது இல்லண்ணா. இதுக்கு ரெண்டு காதும் முழுசா இருக்குது. அதுக்கு எடது காது பாதிதான். என் மேல விழுந்தப்ப தள்ளறதுக்கு அதத்தான் புடிச்சன். கைக்குள்ள கொஞ்சமா, மொட்டையா இருந்துச்சி."

"இத்தன நாளா ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கலியே. பயமா இருந்துச்சான்னுதான் எல்லாரும் கேட்டாங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அப்பாவின் முகம் கறுத்தது. "உசுரு போற நேரத்துல காத எண்ணிக்கினு இருந்தியா நீ? கம்பிக்குள்ள இருக்கறதப் பாத்தும் பயம் போவல, அதச் சொல்லு!" கை ஓங்கிவிட்டார். சித்தி குழந்தையை என்னிடமிருந்து பறித்துக்கொண்டு இருவருக்கும் நடுவில் போய் நின்றாள். ஓங்கின கையால் அப்பா தலையைச் சொறிந்துகொண்டார்.

அந்தக் களேபரத்தில் வேப்பமரத்தடி பெஞ்சில் வைத்த புளிசாத அடுக்கை மறந்துவிட்டு வந்துவிட்டோம். பஸ் கிளம்பிய பிறகுதான் நினைவு வந்தது. சித்தி வெளியே பார்த்தபடி அழுதாள். அடுக்குக்காகத்தான் அழுகிறாள் என்று நான் நினைத்தேன்.

ஊரில் இறங்கியதும் கேட்டவர்களிடமெல்லாம் அப்பா, "பாத்துட்டான், தெளிஞ்சிட்டான்" என்றார். மறுநாளே என்னை ஆடு ஓட்டிக்கொண்டு அடிவாரத்துக்குப் போகச் சொன்னார். மற்ற வீடுகளிலும் அனுப்பினார்கள். கெடுபிடி தீர்ந்தது என்று நாம் குதித்தது உங்களுக்கு நினைவிருக்கும்.

ஆனால் சித்தப்பா அன்று காலையே வீடு வீடாகப் போனார். "புள்ளைங்கள அடிவாரத்துக்கு அனுப்பாதீங்க. அது இன்னும் அங்கதான் இருக்குது" என்றார். கை கூப்பாத குறை. "உனக்குக் கண்ண மூடினாலும் புலி, தொறந்தாலும் புலி. போயி வேப்பிலை அடிச்சிக்கோப்பா" என்று திருப்பி அனுப்பினார்கள். இது அப்பா காதுக்கு வந்தபோது அவர் தம்பியோடு பேசுவதையே நிறுத்தினார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, "அவனச் சாப்பிடச் சொல்லு" என்று அம்மா வழியாகத்தான் சொல்வார்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம். வெயில் இறங்கினால் தாழ் போட்டுக்கொள்கிற மனிதர், வெயில் இறங்குகிற நேரத்தில் வெளியே கிளம்ப ஆரம்பித்தார். ஒரு காலி டால்டா டப்பா, ஒரு குச்சி. அடிவாரம் வரை தட்டிக்கொண்டே வருவார். எங்களையும் ஆடுகளையும் முன்னால் விட்டு, பின்னால் தட்டிக்கொண்டே ஊர் வரை வருவார். பையன்கள் அந்தத் தாளத்துக்கு ஆடிக்கொண்டே நடப்பார்கள். எனக்கு வெட்கமாக இருக்கும். முன்னால் ஓடிவிடுவேன்.

ஒரு நாள் எங்கள் ஆட்டில் ஒரு குட்டி குறைந்தது. மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். நான் மட்டும் ஓடையோரம் தேடிக்கொண்டிருந்தேன். வெளிச்சம் இருந்தது. பாறையெல்லாம் சிவந்து கிடந்த நேரம். திடீரென்று பின்னால் ஆடுகளின் மணிச் சத்தம் நின்றுபோனது. திரும்பிப் பார்த்தால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே பக்கம் பார்த்து நிற்கின்றன. நானும் பார்த்தேன். ஓடைக்கு அந்தப் பக்கப் பாறையில் அது உட்கார்ந்திருந்தது. நம் பள்ளிக்கூட வராந்தா அகலம்தான் நடுவில்.

டப்பாச் சத்தம் தூரத்தில் கேட்டது. பிறகு பக்கத்தில் கேட்டது. பிறகு நின்றது. சித்தப்பாவும் பார்த்துவிட்டார்.

"பாப்பா, ஓடாத. ஓடாத கண்ணு. அப்படியே நில்லு."

பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து வந்து எனக்கு முன்னால் நின்றார். நான் அவர் வேட்டியைப் பின்னால் பற்றிக்கொண்டேன். வேட்டி ஈரமாவது என் கைக்குத் தெரிந்தது. அந்த நிலையிலும் அவர் டப்பாவைத் தூக்கிப் பிடித்து அடித்தார். "போ! போ! போயிடு!" என்று கத்திக்கொண்டே அடித்தார். குச்சி முறிந்தது. கையாலேயே அடித்தார். தகர விளிம்பு கிழித்து ரத்தம் முழங்கை வரை ஒழுகியது. அது எழுந்தது. போகவா வரவா என்று யோசிப்பதுபோல நின்றது. பிறகு தலையைத் திருப்பி, அவசரமே இல்லாமல் புதருக்குள் போனது. திருப்பியபோது பார்த்தேன். இடது காது பாதியில் அறுந்து, மொட்டையாக இருந்தது.

ஊர் வரும்வரை அவர் அடிப்பதை நிறுத்தவில்லை.

வாசலில் அப்பா நின்றிருந்தார். ரத்தத்தைப் பார்த்தார், நனைந்த வேட்டியைப் பார்த்தார். சித்தப்பா தொட்டிக்குப் போய்க் கை கழுவினார். அப்பா என்னைத்தான் கேட்டார்.

"என்னா பாத்த?"

"சிறுத்த, அப்பா. ஒரு காது பாதிதான் இருந்துச்சி."

மன்னிப்பு என்ற வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை. அப்பா உள்ளே போய்த் தன் துண்டை எடுத்து வந்து, நீளமாகக் கிழித்து, தம்பியின் கையை இழுத்து வைத்துக் கட்டினார். கட்டிக்கொண்டே, "காட்டுக்குத் தனியாப் போவாத. நானும் வரன்" என்றார். பிறகு தெருவில் இறங்கி வீடு வீடாகப் போனார். தம்பியைத் திருப்பி அனுப்பிய அதே வீடுகளில், அதே வார்த்தைகளை அப்பா சொல்வது எனக்குக் கேட்டது. அவரை யாரும் திருப்பி அனுப்பவில்லை.

அந்தக் கோடை முழுக்க இரண்டு டப்பாச் சத்தம் கேட்டது. காதறுந்த சிறுத்தை இன்னும் சில ஆடுகளைக் கொண்டுபோனது. மழைக்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை. செத்ததோ, மலை தாண்டிப் போனதோ.

ஆனால் கூண்டில் பிடித்துக்கொண்டு போனதைப் பற்றி யாரும் பேசவில்லை. அது வேறு சிறுத்தை என்று ஊருக்கே தெரிந்துவிட்டது, இருந்தும் அதைத் திருப்பி விடச் சொல்லலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அப்பாவுக்கும் தோன்றவில்லை. சித்தப்பாவை நம்பி நியாயமாக நடந்துகொண்டுவிட்டோம் என்ற நிம்மதியில் எல்லாரும் இருந்தார்கள்.

அடுத்த வருஷம் சித்தப்பா தானாகவே அந்த மிருகக்காட்சிசாலைக்குக் கிளம்பினார். நானும் வருகிறேன் என்றேன், கூட்டிப்போனார். இந்த முறை குரங்கிடமும் நிற்கவில்லை, கரடியிடமும் நிற்கவில்லை. நேராக மூலைக்குப் போனார்.

அங்கே ஒரு பெரிய கூட்டம், வெளியூர்க் குடும்பங்கள். காவலாள் கம்பியைத் தட்டியபடி கதை சொல்லிக்கொண்டிருந்தார். "இது சாதாரணமானது இல்லைங்க. ஏரியூர்ப் பக்கம் ஒரு ஆள அடிச்சிப் போட்டு, பாதி தின்னுட்டுது. அப்புறந்தான் புடிச்சாங்க. பக்கத்துல போவாதீங்க, மனுச ரத்தம் பாத்தது." குழந்தைகள் வாய் பிளந்து கேட்டார்கள். ஒரு தாத்தா அதைப் பார்த்து, "கொலகாரச் சனியன்" என்று காறித் துப்பினார்.

சித்தப்பா கூட்டத்தை விலக்கி முன்னால் போனார். சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். எனக்குப் பதறியது. சட்டையைத் தோளிலிருந்து இறக்கினார். மார்பு வரை இழுத்துத் தைத்த தழும்பு, வெயிலில் பளபளத்தது.

"அந்த ஆளு நான்தாங்க" என்றார். "இது என்னத் தொடவே இல்ல."

துப்பிய தாத்தா தழும்பையும் கூண்டையும் மாறி மாறிப் பார்த்தார். காவலாள்தான், "அப்ப இத எதுக்குங்க புடிச்சாங்க?" என்று கேட்டார்.

சித்தப்பா சட்டையைப் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த கூட்டம் வரும்வரை அப்படியே நின்றார். அவர்கள் வந்ததும் மறுபடி முதலிலிருந்து சொன்னார்.